யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்: சங்கப் பாட்டில் காதலையும் குடும்பத்தையும் படிக்கத் தொடங்குவோருக்கு

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய ஒரு பெண் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலைத் தான் உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்கவும் நேரமில்லாமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று', மெல்ல மலர்ந்தது. பாட்டு ஆறே அடி. பாடியவர் கூடலூர் கிழார்.

பள்ளியில் இதைப் படித்தபோது, நல்ல மனைவியின் இயல்பைச் சொல்லும் பாட்டு என்று குறிப்பெழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் பாட்டோடு சேர்ந்து நிற்கும் ஒற்றை வரி என் கண்ணில் பட்டது: 'கடிநகர் சென்ற செவிலித்தாய் நற்றாய்க்கு உரைத்தது.' மணம் முடித்துப் போன மகளின் வீட்டுக்கு வளர்ப்புத்தாய் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். பெற்றவள் வாசலிலேயே கேட்டிருப்பாள், 'எப்படி இருக்கிறாள்?' என்று. 'நன்றாக இருக்கிறாள்' என்று செவிலி சொல்லவில்லை. ஆடையில் படிந்த தயிரைச் சொல்கிறாள், கண்ணில் பட்ட புகையைச் சொல்கிறாள், கடைசியில் அந்த முகத்தைச் சொல்கிறாள். அந்த ஒரு வரி தெரிந்ததும் பாட்டுக்குள் கணவன், மனைவி என்ற இருவர் இருந்த இடத்தில் நான்கு பேர் வந்து நின்றார்கள்.

சங்கக் கவிஞர்கள் காதலையும் உறவையும் பாடும் முறை இதுதான். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது குறைவு. ஒருவர் வாயில் சொல்லை வைத்து, இன்னொருவர் காதில் விழச் செய்வார்கள். வாயும் காதும் தெரிந்துவிட்டால் பாதிப் பாட்டு விளங்கிவிடும். இதுவரை ஒரு சங்கப் பாட்டும் படித்திராதவர்கள், பள்ளியோடு விட்டவர்கள் ஆகிய இருவரையும் மனதில் வைத்தே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

படி 1: குறுந்தொகையைக் கையில் எடுங்கள்

எட்டுத்தொகையில் நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு ஆகிய ஐந்தும் அகம். காதலும் இல்லறமும் பாடுபவை. புறநானூறும் பதிற்றுப்பத்தும் புறம், போரும் கொடையும் பாடுபவை. பரிபாடலில் இரண்டும் உண்டு. அகநானூற்றுப் பாட்டு 31 அடி வரை போகும். முதலிலேயே அதில் இறங்கினால் மூச்சு முட்டும். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் மொத்தம் 401 பாட்டு.

உரையில்லாமல் தொடங்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் உரை இன்றும் புதியவருக்கு நல்ல துணை. சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லி, பிறகு கருத்தையும் விளக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் சங்க நூல்களின் மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். முதலில் உரையைப் பார்க்காமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். புரியாவிட்டாலும் படியுங்கள். நான்கைந்து சொற்களாவது இன்றைய சொற்களாகவே காதில் விழும். அவற்றைப் பிடித்துக்கொண்டு உரைக்குள் போங்கள்.

படி 2: முதலில் வாய், பிறகு காது

பாட்டோடு சேர்ந்து வரும் சிறு குறிப்பைத் துறை என்றும் கூற்று என்றும் சொல்வார்கள். அது கவிஞர் எழுதியதன்று. தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ சேர்த்தது. ஆகவே அதை மீறிப் படிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதை நம்புங்கள்.

அகப்பாட்டில் காதலர்களின் இயற்பெயர் வராது. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி. பேசுபவர்கள் தலைவி, தலைவன், தோழி, செவிலி, நற்றாய், பரத்தை, பாணன், வழியில் கண்டவர்கள் என்று ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்குவார்கள். யாருக்குப் பேச வாய்ப்பில்லை என்பதையும் கவனியுங்கள். தந்தைக்கும் தமையனுக்கும் நேரடிக் கூற்று கிடையாது; அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. இதுவும் தொல்காப்பியம் செய்யுளியலில் சொல்வது. மகளின் காதலில் அதிகாரம் மிகுந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், பாட்டில் அவர்கள் குரல் இல்லை. காதலின் முழுப் பாரத்தையும் பெண்களே பேசித் தீர்க்கிறார்கள். எனக்கு இது சங்கக் கவிதையின் மிகப் பெரிய துணிவுகளில் ஒன்றாகப் படுகிறது.

வாயையும் காதையும் அறிந்தால் பாட்டு எப்படி மாறும் என்பதற்குக் குறுந்தொகை 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே' என்று தொடங்கும் தேவகுலத்தார் பாட்டு. தனியாகப் படித்தால் காதலின் பெருமையைச் சொல்லும் நான்கு அடி. குறிப்பைப் படியுங்கள். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். திருமணத்தைத் தள்ளிப்போடும் அவனைத் தோழி வேண்டுமென்றே பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் மறுத்துப் பேசுகிறாள். சொல்லப்படுவது தோழியிடம், கேட்க வேண்டியது வேலிக்கு அப்பால் நிற்கும் காது. இவ்வளவு பெரிய அன்பை வைத்துக்கொண்டு இவள் காத்திருக்கிறாள், இனியும் வந்து பெண் கேட்காமல் இருக்கிறாயே என்பதுதான் அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கும் சேதி.

'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற குறுந்தொகை 40 இன்று திருமண அழைப்பிதழ்களில் அச்சாகிறது. மூலத்தில் அது அச்சத்துக்குச் சொன்ன மறுமொழி. முதன்முதல் கூடிய பின், இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் முகம் வாடுகிறது. அதைப் பார்த்தவன் பேசுகிறான். என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம்? குடும்பங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டவில்லை என்பதே அவள் அச்சத்தின் வேர். அவன் அதையே தன் வாயால் சொல்லிவிட்டு, செம்மண்ணில் விழுந்த மழைநீரைக் காட்டுகிறான். நீரைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியுமா?

படி 3: உறவுச் சொற்களை வட்டமிடுங்கள்

ஒரு பென்சில் போதும். சங்கத் தமிழில் உறவுச் சொல்லுக்குள்ளேயே 'யாருடைய' என்பது அடங்கியிருக்கிறது. யாய் என்றால் என் தாய், ஞாய் உன் தாய், தாய் என்றால் அவன் அல்லது அவள் தாய். அப்படியே எந்தை, நுந்தை, தந்தை. தம்பிக்கு எம்பி, நும்பி, தம்பி. தங்கைக்கு எங்கை, நுங்கை, தங்கை. இன்று நாம் 'என் தந்தை' என்று சொல்வது அந்தக் காலக் காதுக்கு விந்தையாக இருந்திருக்கும். இந்த ஒரு வரிசையை மனதில் பதித்துக்கொண்டால் பல பாட்டுகள் தாமாகத் திறக்கும்.

நற்றிணை 172இல் தோழி தலைவனிடம் ஒரு புன்னை மரத்தைக் காட்டுகிறாள். சிறு வயதில் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை அது. முளைத்தது, நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தார்கள். அம்மா சொல்வாளாம், 'நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்' என்று. உங்களைவிடச் சிறந்தவள், உங்களுடன் பிறந்தவள். ஆகவே இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறாள். நுவ்வை என்ற சொல்லை வட்டமிடுங்கள். தாய் அதை என்றோ ஒரு நாள் அன்பாகச் சொன்னாள். தோழி இன்று அதை எடுத்து, பகலில் வந்து சந்திப்பதை நிறுத்தித் திருமணத்துக்கு ஏற்பாடு செய் என்று சொல்லப் பயன்படுத்துகிறாள்.

இதே சொற்கள் கூர்மையாகும் இடம் மருதம், அதாவது கணவன் மனைவி ஊடலைப் பாடும் பாட்டுகள். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் பரத்தை, மணமான தலைவன் வீட்டுக்கு வெளியே நாடிப் போகும் பெண். வயலோர மாமரத்தில் பழுத்து உதிரும் பழத்தைப் பொய்கை வாளை கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் அவன் என்கிறாள். மீன் எந்த முயற்சியும் செய்யவில்லை, பழம் தானே விழுந்தது. இப்படி இயற்கைக் காட்சிக்குள் மனிதர் கதையை மறைத்து வைப்பதை உள்ளுறை என்பார்கள். என் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிய அவன், தன் வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் பாவைபோல, கையைத் தூக்கினால் கை, காலைத் தூக்கினால் கால் என்று ஆடுகிறான். யாருக்கு ஆடுகிறான்? 'தன் புதல்வன் தாய்க்கே.' மனைவி என்ற சொல்லை அவள் வாய் எடுக்கவில்லை. மகனைப் பெற்றவள் என்பதால்தான் அவளுக்கு இத்தனை ஆட்டம் என்று அந்த ஒரு தொடர் குத்துகிறது. பரத்தைக்கு அந்த உறவு ஒருநாளும் கிடைக்காது என்பதையும் அதே தொடர் சொல்லிவிடுகிறது.

அகநானூறு 386இல் ஒருத்தி பகலிலேயே மனைவியின் வீட்டுக்கு வந்து, நெற்றியையும் கூந்தலையும் தடவிக்கொடுத்து, 'நுங்கை ஆகுவென்', நான் உன் தங்கை என்கிறாள். மேலே சொன்ன வரிசையைப் படித்திருந்தால் இந்தச் சொல் எவ்வளவு மென்மையாக வீட்டுக்குள் நுழைகிறது என்பது தெரியும்.

படி 4: திணையை மனநிலையாக எடுத்துக்கொள்ளுங்கள்

திணை என்பது ஒரு நிலத்தோடு சேர்த்துச் சொல்லும் காதல் நிலை: குறிஞ்சி கூடல், முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். எந்தத் திணைக்கு எந்தப் பறை, எந்த யாழ், எந்தத் தெய்வம் என்ற பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். படிக்கப் படிக்கத் தானே வரும். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை, பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை என்று இரண்டு தனியாக உண்டு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: மருதத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

புதிதாகப் படிக்க வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், மருதத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கணவன் பரத்தையிடம் போய் வருவதும் மனைவி பொறுப்பதும் கோபத்தை மூட்டும். கோபப்படுங்கள், ஆனால் படியுங்கள். ஒரு வீட்டுக்குள் இருக்கும் கசப்பைச் சங்கக் கவிஞர்கள் மருதத்தில்தான் நெருக்கமாகக் காட்டுகிறார்கள்.

சாகலாசனாரின் அகநானூறு 16ஐ மெதுவாகப் படியுங்கள். தேர் ஓடும் தெருவில் பொற்றொடி அணிந்த சிறுவன் தனியாக நிற்கிறான். பேச்சு இன்னும் திருந்தாத வயது. அவன் தந்தையின் பரத்தை அந்த வழியே வருகிறாள். பார்ப்பவர் யாரும் இல்லை. கிட்டே போய், 'வருக என் உயிர்' என்று மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அதை மனைவி பார்த்துவிடுகிறாள். ஓடிப்போய் அவளைத் தழுவிக்கொண்டு, 'எவன் பேதுற்றனை? நீயும் தாயை இவற்கு' என்கிறாள். ஏன் மயங்குகிறாய், நீயும் இவனுக்குத் தாய்தான். அவளோ திருட்டை ஒப்புக்கொள்பவள்போலத் தலைகுனிந்து, கால் விரலால் நிலத்தைக் கிளறியபடி நிற்கிறாள்.

இத்தனையையும் மனைவி யாரிடம் சொல்கிறாள்? கணவனிடம். அவள் எவ்வளவு அழகானவள், உன் மகனுக்குத் தாயாக இருக்கத் தகுந்தவள்தான் என்று சொல்லி முடிக்கிறாள். தெருவில் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அது பரிவாக இருந்திருக்கலாம். வீட்டில் கணவனிடம் திரும்பச் சொல்லும்போது அதே சொல் முள்ளாகிறது. பரிவும் முள்ளும் இரண்டும் உண்மை என்றே நான் படிக்கிறேன். ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 6: தாயர் பாட்டுகளைச் சேர்த்துப் படியுங்கள்

மகள் காதலனோடு போய்விட்ட பின் வீட்டில் எஞ்சியவர்கள் பேசும் பாட்டுகள் பாலையில் நிறைய உள்ளன. ஒன்றை மட்டும் படித்தால் இரக்கம் வரும். சேர்த்துப் படித்தால் ஒரு வீடு முழுவதும் தெரியும்.

நற்றிணை 110இல் (போதனார்) தாய் தன் மகளின் சிறு வயதை நினைக்கிறாள். தேன் கலந்த பால், ஒரு கையில் பொற்கிண்ணம், மறு கையில் மிரட்டுவதற்குப் பூச்சுற்றிய சிறு கோல். உண் என்று செவிலியர் துரத்த, முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்க அவள் தாவி ஓடுகிறாள். நரைத்த கூந்தலோடு அவர்கள் ஓடி ஓடிக் களைத்துப் போகிறார்கள். அப்படிப்பட்டவள், கணவன் வீடு வறுமைப்பட்டதும் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாளாம். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள்.

இதை வைத்துக்கொண்டு கபிலரின் ஐங்குறுநூறு 203ஐப் படியுங்கள். தலைவனோடு போய்த் திரும்பிய பெண் சொல்கிறாள்: நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனியது, அவன் நாட்டில் தழை மூடிய பள்ளத்தில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர். இரண்டு பாட்டிலும் தேன் கலந்த பால் பிறந்த வீட்டின் அடையாளம். ஒன்றில் தாய் அதை நினைத்துப் பார்க்கிறாள், மற்றொன்றில் மகள் அதைத் தள்ளிவிடுகிறாள். வெவ்வேறு கவிஞர், வெவ்வேறு நூல். அடுத்தடுத்து வைத்தால் தாயும் மகளும் ஒரே கிண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல இருக்கிறது.

வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 44 நான்கே அடி. மகளைத் தேடிப் பாலை வழியில் போன செவிலி பேசுகிறாள்: கால் நடை தளர்ந்தன, கண் 'நோக்கி நோக்கி' ஒளி இழந்தன, வானத்து மீனைவிடப் பலராக இருக்கிறார்கள், இவ்வுலகத்துப் 'பிறரே'. தூரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் வருகிறார்கள், அவளாக இருக்குமோ என்று பார்க்கிறாள், அருகே வந்தால் வேறு யாரோ. மறுபடியும் ஓர் இணை, மறுபடியும் வேறு யாரோ. இவ்வளவும் 'பிறர்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. இந்தப் பாட்டை யாருக்கேனும் விளக்க நேர்ந்தால் அந்தச் சொல்லுக்கு முன் சற்று நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

தேடிப் போனவளுக்கு வழியில் கிடைக்கும் மறுமொழி கலித்தொகை 9இல் இருக்கிறது. சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுபவர்க்கன்றி மலைக்கு என்ன பயன் என்று எதிரே வந்த அந்தணர் கேட்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் 44ஐப் படித்த பிறகு அந்த நியாயம் காலில் ஒட்டிய மணலைக்கூடத் துடைக்காது என்று தோன்றும்.

படி 7: புறநானூற்றில் வீட்டைத் தேடுங்கள்

போரும் கொடையும் பாடும் நூல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அகத்தில் பேச வாய்ப்பில்லாத தந்தை இங்கேதான் பேசுகிறான். 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி என்ற அரசன், குழந்தை சோறு உண்ணும் அழகைச் சொல்கிறான்: குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்', நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும் இது இல்லையென்றால் வாழ்நாள் பயனற்றது என்கிறான்.

அதன் பக்கத்தில் பெருஞ்சித்திரனாரின் 160ஐ வையுங்கள். இங்கும் ஒரு குழந்தை, ஆனால் வீட்டில் சோறில்லை. பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான், கிடைக்கவில்லை. பானை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். இன்று மொட்டைமாடியில் நாம் செய்வதும் அதுதானே. கவிஞர் குமணன் என்ற வள்ளலிடம் பொருள் கேட்கப் பாடிய பாட்டு இது. பொருள் கிடைத்து வீடு திரும்பியதும் 163இல் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பி வந்தவர்க்கும் நீ விரும்பியவர்க்கும் உன் உறவினர்க்கும், பசிக்காலத்தில் நமக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும், 'இன்னோர்க்கு என்னாது, என்னொடும் சூழாது', 'எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழவோயே'. யாருக்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்க வேண்டாம், கொடு. சங்கப் பாட்டில் ஒரு கணவன் மனைவியிடம் பேசிய மிக அன்பான பேச்சு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். காதல் என்ற சொல்லே அதில் இல்லை.

பாரி மகளிரின் 112ஐப் படிக்கும்போது படி 3இன் பென்சிலை எடுங்கள். ஐந்தே அடியில் 'எந்தை' இரண்டு முறை வருகிறது. சென்ற திங்கள் இதே நிலவில் எந்தையும் இருந்தான், எம் குன்றும் இருந்தது. இந்தத் திங்கள் குன்றை வேந்தர் கொண்டார், எந்தையும் இல்லை. காவற்பெண்டின் 86ஆம் பாட்டுக்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குங்கள். மகன் எங்கே என்று கேட்டவரிடம் தாய் தன் வயிற்றைப் புலி தங்கிப் போன கற்குகை என்கிறாள். அதைப் பெருமை என்று மட்டும் படிப்பவர்கள் பலர். குகை இப்போது காலியாக இருக்கிறது என்பதையும் அவள்தான் சொல்கிறாள்.

முதல் மாதத்துக்கு

குறுந்தொகை 3, 8, 25, 40, 44, 167, நற்றிணை 110, 172, ஐங்குறுநூறு 203, புறநானூறு 86, 112, 160, 163, 188. இவற்றை முடித்துவிட்டு அகநானூறு 16க்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்றே வரி எழுதுங்கள்: சொல்பவர், கேட்பவர், ஒட்டுக்கேட்பவர் உண்டா. குறுந்தொகை 25க்கு இந்த மூன்றாவது வரியில் ஒரு பறவையை எழுத வேண்டியிருக்கும். தலைவன் தன்னோடு கூடியதற்குச் சாட்சி கேட்டால் தலைவிக்குக் காட்ட இருப்பது, ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்து நின்ற அந்தக் குருகு ஒன்றுதான்.

கடைசியாக ஐங்குறுநூறு 401. பேயனார் பாட்டு, ஐந்து அடி. குட்டியை நடுவில் இட்டுப் படுத்த மான்கள்போல, மகன் நடுவில் கிடக்க இருவரும் படுத்திருக்கிறார்கள். யார் பார்த்தது, யாரிடம் சொல்வது என்பதை உரையைத் திறக்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள்.